மரகதப் பல்லியும் கற்சுவரும்: வாஹாவ் ஒயின், முதல் பாடம்

ஆஸ்திரியாவில் வாஹாவ் என்றொரு ஆற்றுப் பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கே தயாராகும் ஒயின்களில் உயர்ந்த ரகத்துக்கு ஒரு பல்லியின் பெயரை வைத்திருக்கிறார்கள். ஸ்மரக்ட். ஜெர்மன் மொழியில் அதற்கு மரகதம் என்று பொருள். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: ஸ்மரக்ட், மரகதம். கிரேக்கத்தில் ஸ்மரக்டோஸ், வடமொழியில் மரகத, நம்மிடம் மரகதம். எல்லாம் உறவுக்காரச் சொற்கள்தான்.

பல்லி என்றால் வீட்டுச் சுவரில் ஓடும் பல்லி இல்லை. வாலோடு சேர்த்து அளந்தால் ஒன்றேகால் அடிவரை வளரும் பச்சைப் பிராணி. இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் கழுத்து நீலமாகிவிடும். வெயில் ஏறியதும் திராட்சைத் தோட்டத்துக் கற்சுவரில் வந்து படுத்துக் குளிர்காயும். அதைப் போலவே கடைசிவரை வெயில் காய்ந்து பழுத்த திராட்சையில் செய்த ஒயின் என்பதால் அந்தப் பெயர்.

அந்தக் கற்சுவரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வாஹாவ் ஒயினின் சுவையைக் கேட்டாலும் சரி, விலையைக் கேட்டாலும் சரி, பதில் சுற்றிச் சுற்றி அந்தச் சுவரில் வந்துதான் முட்டும்.

இடம்

வியன்னாவிலிருந்து மேற்கே ஒரு மணி நேரப் பயணம். மெல்க் என்ற ஊரில் பெரிய மடாலயம் ஒன்று குன்றின்மேல் நிற்கிறது. அங்கிருந்து கிரெம்ஸ் நகரம்வரை டான்யூப் ஆறு சுமார் 35 கிலோமீட்டர் தூரம் மலைகளை அறுத்துக்கொண்டு ஓடுகிறது. இந்தத் துண்டுக்குத்தான் வாஹாவ் என்று பெயர். 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இதை உலக மரபிடமாக அறிவித்தது. ஒயினை விட்டுவிட்டாலும் இங்கே பார்க்க நிறைய உண்டு. சிலுவைப்போரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த இங்கிலாந்து அரசர் ரிச்சர்டை 1192இல் பிடித்து அடைத்து வைத்தது டியூர்ன்ஷ்டைன் கோட்டையில்தான். 1908இல் வில்லன்டோர்ஃப் கிராமத்தில் மண்ணிலிருந்து எடுத்த 11 சென்டிமீட்டர் உயரப் பெண் சிற்பம் பல்லாயிரம் ஆண்டுப் பழமை கொண்டது. இப்போது வியன்னா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

திராட்சை விளையும் பரப்பு ஏறக்குறைய 1,300 ஹெக்டேர். ஆஸ்திரியாவின் மொத்தத் திராட்சைப் பரப்பில் இது நூற்றுக்கு மூன்று பங்குதான். இவ்வளவு சின்ன இடத்துக்கு இவ்வளவு பெயர் எப்படி வந்தது என்பதுதான் கேள்வி.

முதல் காரணம் காற்று. கிழக்கே ஹங்கேரிச் சமவெளியிலிருந்து வெதுவெதுப்பான வறண்ட காற்று ஆற்றோடு ஏறி வருகிறது. வடமேற்கே வால்ட்ஃபியர்டல் என்ற காட்டு மேட்டு நிலத்திலிருந்து குளிர்ந்த காற்று இரவில் பள்ளங்கள் வழியே இறங்குகிறது. பகலில் சூடு, இரவில் குளிர். பகல் சூட்டில் பழத்தில் சர்க்கரை ஏறும். இரவுக் குளிர் புளிப்பைக் காப்பாற்றும். வெள்ளை ஒயினுக்கு உயிரே அந்தப் புளிப்புதான். அது போய்விட்டால் ஒயின் சவசவவென்று ஆகிவிடும்.

இந்த இரண்டு காற்றும் எல்லா ஊரிலும் ஒரே அளவில் இருப்பதில்லை. மேற்கே போகப் போகக் குளிர் ஓங்கும், கிழக்கே வரவர வெப்பம் ஓங்கும். முப்பத்தைந்து கிலோமீட்டருக்குள் அறுவடை நாளே மாறிவிடும்.

சுவர்

நாம் பார்த்துப் பழகிய பந்தல் திராட்சை இல்லை இது. ஆற்றங்கரையிலிருந்து மலை நெட்டுக்குத்தாக எழும்புகிறது. அதில் படிப்படியாக வெட்டி, ஒவ்வொரு படிக்கும் கல்லால் சுவர் எழுப்பி, படியில் மண் நிரப்பிக் கொடி நட்டிருக்கிறார்கள். சில படிகளில் இரண்டு மூன்று வரிசைக் கொடிகளுக்குத்தான் இடம். இடைக்காலத்தில் இங்கே நிறைய நிலம் பவேரியாப் பகுதி மடாலயங்களின் கையில் இருந்தது. துறவிகளுக்கு வழிபாட்டுக்கும் விருந்துக்கும் ஒயின் வேண்டும். மலையைப் படியாக்கும் வேலை அவர்கள் காலத்தில் பெருகியது.

சுவரைக் கிட்டப் போய்ப் பார்த்தால்தான் அதன் சூட்சுமம் தெரியும். சிமெண்டு கிடையாது, சுண்ணாம்பும் கிடையாது. அதே மலையில் கிடைத்த கல்லை, கீழ்வரிசையில் இரண்டு கல் சேரும் இடத்துக்கு மேலே ஒரு கல் உட்காரும்படி அடுக்கியிருப்பார்கள். இடுக்குகளில் சில்லுக் கற்களை இறுக்கி முடுக்கியிருப்பார்கள். சுவர் லேசாக மலைப்பக்கம் சாய்ந்து நிற்கும். பின்புறம் சிறு கற்களால் நிரப்பியிருக்கும். மழை பெய்தால் தண்ணீர் அந்தச் சந்துகள் வழியாக வடிந்துவிடும். சிமெண்டு வைத்துப் பூசிவிட்டால் தண்ணீர் பின்னால் தேங்கி, மண் ஊறிப் பருத்து, சில வருடங்களில் சுவர் வயிறு தள்ளிச் சரிந்துவிடும். இப்படிக் காரையில்லாமல் கல் அடுக்கும் கலையை யுனெஸ்கோ வாழும் மரபாகப் பட்டியலிட்டிருக்கிறது. 2024இல் அந்தப் பட்டியலில் ஆஸ்திரியாவும் சேர்ந்தது.

பகல் முழுக்க வெயிலைக் குடித்த கல், இருட்டிய பிறகு அந்தச் சூட்டைக் கொடிக்குத் திருப்பித் தரும். பல்லி அங்கே வந்து படுப்பதற்கும் அதுதான் காரணம்.

படிகளுக்குள் இயந்திரம் நுழைய முடியாது. கவாத்து செய்வது, கொடி கட்டுவது, இலை கிள்ளுவது, பழம் பறிப்பது எல்லாம் ஆள் கையால். சமவெளித் தோட்டத்தைவிடப் பல மடங்கு ஆள்வேலை. ஒரு கனமழைக்குச் சுவர் சரிந்தால் அதை எடுத்துக் கட்டும் செலவு தனி. வாஹாவ் ஒயின் ஏன் இவ்வளவு விலை என்று கடையில் முணுமுணுப்பவர்கள் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

மண்ணிலும் இரண்டு கட்சி உண்டு. மேல் படிகளில் நைஸ் என்ற பழம்பாறையும் அது உதிர்ந்த சரளையும். தண்ணீர் நிற்காது; வேர் பாறை இடுக்கைத் தேடிப் போக வேண்டும். அடிவாரத்தில் லோயஸ்: பனியுகத்தில் காற்று வாரிக்கொண்டு வந்து கொட்டிய, மாவு போன்ற மஞ்சள் மண். ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆண்டுக்குச் சுமார் 500 மில்லிமீட்டர் மழை என்பது தாராளம் இல்லை. அதனால் மேல் படிகளில் பலர் சொட்டுநீர்க் குழாய் போட்டிருக்கிறார்கள்.

இரண்டு திராட்சை

வாஹாவில் பல வகைத் திராட்சை உண்டு. புதிதாக வருபவர் இரண்டைத் தெரிந்துகொண்டால் போதும்: கிரூனர் ஃபெல்ட்லீனர், ரீஸ்லிங். இரண்டும் வெள்ளை ஒயின் தருபவை. இவற்றின் சண்டை மண்ணிலேயே தொடங்கிவிடுகிறது. கிரூனருக்குத் தண்ணீர் வேண்டும், அதனால் லோயஸ் பிடிக்கும். ரீஸ்லிங் பட்டினி தாங்கும், அதனால் மேலே பாறையில் ஏறிக்கொள்ளும். ஒரே மலைச்சரிவில் கீழே கிரூனர், மேலே ரீஸ்லிங் என்று நிற்பதைப் பல இடத்தில் பார்க்கலாம். விதிவிலக்கும் நிறைய.

கிரூனர் ஆஸ்திரியாவின் சொந்தப் பிள்ளை. நாட்டின் திராட்சைப் பரப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இதுதான். தாய் தந்தையரில் ஒருவர் டிராமினர் என்ற பழைய திராட்சை. இன்னொருவர் யாரென்று நீண்ட காலம் தெரியாமல் இருந்து, கடைசியில் பூர்கன்லாந்தில் சங்க்ட் கியோர்கன் என்ற ஊரில் கைவிடப்பட்டுக் கிடந்த ஒரே ஒரு பழங்கொடியில் மரபணுச் சோதனை மூலம் கண்டுபிடித்தார்கள்.

கிரூனரை மூக்கருகே கொண்டுபோனால் பச்சை ஆப்பிள், எலுமிச்சை, அதற்குப் பின்னால் மிளகு. ஒயின் பற்றி எழுதுபவர்கள் வாசனைகளை அடுக்கும்போது எனக்குப் பாதி நம்பிக்கைதான் வரும். ஆனால் இந்த மிளகு வெறும் உவமை இல்லை. ரோட்டண்டோன் என்ற வேதிப்பொருள்தான் மிளகுக்கு அந்த நெடியைத் தருகிறது. அதே பொருள் கிரூனர் திராட்சையிலும் இருக்கிறது. உரலில் மிளகை ஒன்றிரண்டாகத் தட்டும்போது எழும் வாசம் தெரிந்தவர்களுக்கு இதைக் கண்டுபிடிப்பது கடினம் இல்லை.

ரீஸ்லிங் வேறு சாதி. பீச், ஆப்ரிகாட், எலுமிச்சைத் தோல், நாக்கின் ஓரத்தில் கம்பி இழுத்ததுபோல் ஒரு புளிப்பு. இங்கே ஒரு தவறான நம்பிக்கையைத் தீர்த்துவிட வேண்டும். ரீஸ்லிங் என்றாலே இனிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். ஜெர்மனியின் சில பாணிகளால் வந்த பெயர் அது. வாஹாவ் ரீஸ்லிங் பெரும்பாலும் இனிப்பில்லாதது. லேபிளில் ‘டிரோக்கன்’ என்று போட்டிருந்தால், ஒரு லிட்டரில் மீந்திருக்கும் சர்க்கரை பொதுவாக 4 கிராமுக்குள்; புளிப்பு ஈடுகொடுத்தால் 9 கிராம்வரை சட்டம் அனுமதிக்கிறது. பழ வாசனை தூக்கலாக இருப்பதால் இனிப்பு என்று மூக்கு ஏமாந்துபோகும், அவ்வளவுதான்.

நோய்பர்கர் என்று மூன்றாவது ஒன்று. 1860களில் டான்யூப் வெள்ளத்தில் மிதந்து வந்த கொடிக்கட்டை யாரோ எடுத்து நட்டதில் பிறந்தது என்று ஊரில் கதை சொல்வார்கள். கதை நன்றாக இருக்கிறது, ஒயினும் மோசமில்லை.

புல், பருந்து, பல்லி

1983இல் உள்ளூர் ஒயின்காரர்கள் சேர்ந்து வினியா வாஹாவ் என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். யோசெஃப் யாமெக், ஃபிரான்ஸ் ஹிர்ட்ஸ்பெர்கர், ஃபிரான்ஸ் பிராகர் போன்றவர்கள் முன்னால் நின்றார்கள். சர்க்கரை கலந்து சாராயச் சத்தைக் கூட்டக் கூடாது. வெளியூர்த் திராட்சையைக் கலக்கக் கூடாது. வாசனைக்காக எதையும் சேர்க்கக் கூடாது. பழம் எப்படியோ ஒயின் அப்படி.

இரண்டு வருடம் கழித்து, 1985இல், ஆஸ்திரியா முழுவதையும் ஒரு ஊழல் உலுக்கியது. வேறு பகுதிகளில் சில வணிகர்கள் மெலிந்த ஒயினுக்கு உடலும் இனிப்பும் ஏற்ற டைஎத்திலீன் கிளைக்கால் கலந்திருந்தார்கள். ஏற்றுமதி தடாலென்று விழுந்தது. அதே ஆண்டில் கடுமையான புதிய ஒயின் சட்டம் வந்தது. நாடே தலைகுனிந்து நின்றபோது, ‘எதையும் கலக்க மாட்டோம்’ என்று முன்பே எழுதி வைத்திருந்த ஒரு பள்ளத்தாக்கு இருந்தது. வாஹாவின் இன்றைய பெயரில் இதற்குப் பெரிய பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

சங்கத்தார் தங்கள் ஒயினை மூன்றாகப் பிரித்தார்கள். பழம் பறிக்கும்போது எவ்வளவு பழுத்திருந்தது என்பதுதான் அளவுகோல். நமக்கு லேபிளில் தெரிவது சாராய அளவு.

ஷ்டைன்ஃபெடர் 11.5 சதவீதத்தைத் தாண்டாது. பாறைச் சரிவில் வளரும் ஒரு புல்லின் பெயர் அது. இறகுபோல் வெள்ளையாக நீண்டு காற்றில் ஆடும். ஒயினும் அப்படியே, இலேசு. வெயில் கூடிவரும் இந்தக் காலத்தில் பழம் சீக்கிரம் சர்க்கரை ஏறிவிடுவதால் கடைகளில் இதை அதிகம் பார்க்க முடிவதில்லை.

ஃபெடர்ஷ்பீல் 11.5 முதல் 12.5 வரை. வேட்டைப் பருந்தைக் கைக்குத் திரும்ப அழைக்க, கயிற்றில் இறகு கட்டிச் சுழற்றுவார்கள். அந்தக் கருவியின் பெயர் இது. இந்தப் பள்ளத்தாக்கில் பிரபுக்கள் பருந்து வேட்டையாடிய காலத்தின் எச்சம்.

ஸ்மரக்ட் 12.5க்கு மேல். 1986 அறுவடையிலிருந்து இந்தப் பெயர். அக்டோபர், சில ஆண்டுகளில் நவம்பர்வரை கொடியிலேயே விட்டுப் பறிப்பார்கள். கனமான ஒயின், நல்ல ஆண்டில் செய்தது பத்துப் பதினைந்து வருடம் பாட்டிலில் கிடந்தாலும் கெடாது, மெருகேறும்.

விலை கூடியதால் ஸ்மரக்ட்டிலிருந்து தொடங்குவது பலரும் செய்யும் தவறு. முதல் பாட்டில் ஃபெடர்ஷ்பீலாக இருக்கட்டும். திராட்சையின் குணமும் மலையின் குளிரும் அதில்தான் தெளிவாகத் தெரியும். ஸ்மரக்ட்டில் சில தயாரிப்பாளர்கள் பழத்தை அளவுக்கு மீறிப் பழுக்கவிட்டு, 14 சதவீதத்துக்குக் கொண்டுபோய், தேன் வாசனை வரும் பூஞ்சை பிடித்த பழத்தையும் சேர்த்துவிடுவதுண்டு. அது பிடித்தவர்களும் இருக்கிறார்கள். எனக்கு ஒரு குவளைக்கு மேல் இறங்குவதில்லை.

ஊரும் தோட்டமும்

2020 அறுவடையிலிருந்து சட்டத்தில் இன்னொரு ஏணியும் வந்தது. வாஹாவ் டிஏசி என்று பெயர். டிஏசி என்பது, இன்ன இடத்து ஒயின் என்று ஆஸ்திரியச் சட்டம் தரும் முத்திரை. மூன்று படி. அடியில் பகுதி ஒயின்: வாஹாவில் எங்கே விளைந்த பழமாகவும் இருக்கலாம். நடுவில் ஊர் ஒயின்: ஷ்பிட்ஸ், டியூர்ன்ஷ்டைன் என்று ஊர்ப்பெயர் தாங்கியது. உச்சியில் ரீட் ஒயின்: ஒரே ஒரு தோட்டத்தின் பழம் மட்டும். ரீட் என்றால் எல்லை வகுத்துப் பெயரிட்ட விளைநிலம். நம் ஊர்களில் மேட்டுக்காடு, கோயில் வயல் என்று சொல்வதைப் போல. இப்படிப் பெயர் பெற்ற ரீட்கள் 150க்கு மேல். அந்தப் பெயரைப் போட வேண்டுமானால் கிரூனர் அல்லது ரீஸ்லிங் மட்டுமே. எந்தப் படியானாலும் பழத்தைக் கையால்தான் பறிக்க வேண்டும்.

பழைய மூன்று பெயர்களும் ஒழியவில்லை. சங்க உறுப்பினர்கள் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறார்கள். சில பண்ணைகள் புல்லும் பல்லியும் வேண்டாம், இடத்தின் பெயர் போதும் என்கின்றன. புதியவருக்குக் குழப்பம் வருவது இங்கேதான். ஒன்று எவ்வளவு பழுத்தது என்கிறது. மற்றொன்று எங்கே விளைந்தது என்கிறது. இப்படிப் பிரித்து வைத்துக்கொண்டால் சிக்கல் இல்லை.

மேற்கிலிருந்து வருவோம். ஷ்பிட்ஸுக்குப் பின்னால் ஷ்பிட்ஸர் கிராபன் என்ற பக்கவாட்டுப் பள்ளம். குளிர் மிகுந்த மூலை. ஒரு காலத்தில் இங்கே பழம் பழுக்குமா என்று கவலைப்பட்டார்கள், இப்போது வெப்பம் கூடக்கூட இளம் தயாரிப்பாளர்கள் கைவிட்ட படிகளைத் தேடி இங்கே வருகிறார்கள். ஷ்பிட்ஸ் ஊரின் நடுவே ஆயிரம் வாளி மலை. வாளி என்பது பழைய ஒயின் அளவை, ஏறக்குறைய 56 லிட்டர். நல்ல வருடத்தில் அந்தக் குன்று ஆயிரம் வாளி ஒயின் தரும் என்பதால் அப்படிப் பெயர். பக்கத்திலேயே ஸிங்கர்ரீடல், ரீஸ்லிங்குக்குப் புகழ்பெற்றது.

அடுத்து வைசன்கிர்ஷன். இங்கே ஆக்லைட்டன் என்ற தோட்டம். படிச்சுவர்களின் அழகுக்காகவே படம் எடுக்கப்படும் இடம். இதன் ஒயினில் ஒரு கல் வாசனை, தீப்பெட்டிக் கல்லை உரசினதுபோல் என்பார்கள். பாறையின் வாசனை நேராக ஒயினுக்குள் வராது என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். ஆனாலும் ஆக்லைட்டனைக் குடித்தவர்கள் அந்தச் சொல்லை விடுவதில்லை. அதற்குக் கிழக்கே டியூர்ன்ஷ்டைனில் கெல்லர்பெர்க். இந்த ஊரில்தான் டோமேனே வாஹாவ் என்ற கூட்டுறவு. பகுதியின் தோட்டங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதன் உறுப்பினர்கள் கையில். கூட்டுறவுச் சரக்கு என்று இளக்காரமாக நினைக்க வேண்டாம், நம்பி வாங்கலாம். கடைசியில் லோய்பன்: பள்ளத்தாக்கு விரிந்து வெயில் கொட்டும் இடம், ஒயினும் அகன்ற தோளோடு வரும். அக்கரையில் மௌட்டர்ன்; அங்கே நிக்கோலைஹோஃப் பண்ணை 1971 முதலே ரசாயனம் தவிர்த்து உயிராற்றல் வேளாண்மை செய்து வருகிறது.

கிரெம்ஸைத் தாண்டினால் கிரெம்ஸ்டால், காம்ப்டால் என்று வேறு பகுதிகள். அதே இரண்டு திராட்சை, விலை சற்றுக் குறைவு. அவை தனிப் பாடம்.

ஒரு பாட்டில்

ஒரு பாட்டிலைக் கையில் எடுத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் தலையைப் பாருங்கள்: மூடியில் சிவப்பு, வெள்ளை, சிவப்பு என்று ஆஸ்திரியக் கொடியின் நிறம். அரசுச் சோதனையில் தேறிய தர ஒயின் என்பதற்கு அடையாளம். மூடி திருகுமூடியாக இருந்தால் மலிவுச் சரக்கு என்று முகம் சுளிக்க வேண்டாம். தக்கையால் ஒயின் கெட்டுப்போவதைத் தவிர்க்க நல்ல பண்ணைகளே திருகுமூடிக்கு மாறியிருக்கின்றன. லேபிளில் ‘ரீட் ஆக்லைட்டன்’ என்றிருந்தால் தோட்டம். ‘கிரூனர் ஃபெல்ட்லீனர்’ திராட்சை. ‘ஃபெடர்ஷ்பீல்’ பழுத்த அளவு. கீழே அறுவடை ஆண்டு, சாராய அளவு, பின்புறம் பொடி எழுத்தில் சோதனை எண். இவ்வளவுதான். ஜெர்மன் தெரியாமலே முழு லேபிளையும் படித்துவிட்டீர்கள்.

ஃபெடர்ஷ்பீலைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துப் பத்து நிமிடத்தில் ஊற்றலாம். ஸ்மரக்ட்டுக்கு இன்னும் கொஞ்ச நேரம் கொடுங்கள். ஐஸ் போலக் குளிர்ந்திருந்தால் வாயைத் திறக்காது. வறுத்த மீன், கோழி, மிளகு தூக்கலான சமையல் எல்லாவற்றுக்கும் கிரூனர் பொருந்தும்.

நேரில் போகிறவர்கள் ஏப்ரலில் போனால் ஆப்ரிகாட் மரங்கள் பூத்திருக்கும். செப்டம்பரில் போனால் வீட்டு வாசல்களில் கம்பு நுனியில் கட்டிய பசுந்தழைக் கொத்து தொங்கும். தோட்டக்காரர் தன் ஒயினைத் தன் வீட்டிலேயே விற்கிறார் என்று அர்த்தம். பேரரசர் இரண்டாம் யோசெஃப் 1784இல் கொடுத்த அனுமதி இன்றும் தொடர்கிறது. உள்ளே குளிர்ந்த இறைச்சித் துண்டு, ரொட்டி, குவளைக் கணக்கில் ஒயின்.

ஷ்பிட்ஸிலிருந்து அக்கரை ஆர்ன்ஸ்டோர்ஃபுக்கு ஒரு படகு ஓடுகிறது. எஞ்சின் கிடையாது. ஆற்றின் குறுக்கே கட்டிய கம்பியில் மாட்டிக்கொண்டு, நீரோட்டம் தள்ளுவதிலேயே கடந்துவிடும். சத்தமே இல்லை. நடு ஆற்றில் நின்று திரும்பிப் பார்த்தால் வடகரை மலை முழுக்க, அடியிலிருந்து காட்டின் ஓரம்வரை, சுவர்மேல் சுவராக ஏறிப்போவது தெரியும்.